அப்பா சொல்லாத வசனத்தை எழுதலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு ஆரையம்பதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. 1978 சூறாவளி வந்தபோது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், வயல் வாடியில் காவலுக்கு நின்றவர், மூன்றாம் நாள்தான் வீடு வந்து சேர்ந்தார். அவர் படலையைத் திறந்துகொண்டு வந்ததும், கையில் சிமினி உடைந்த அரிக்கன் லாம்பு இருந்ததும் நினைவிருக்கிறது. என்ன பேசினார் என்பது நினைவில்லை. அந்த நாட்களை இப்போது நூலாக எழுதுகிறேன். அப்பா வந்து சேர்ந்த காட்சி நான்கு பக்கம் வந்திருக்கிறது. என் மகள் படித்துவிட்டு, "மூத்தப்பா உண்மையில் இப்படியா சொன்னார்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் தம்பியோ, அப்பா அன்று வாயே திறக்கவில்லை என்கிறான். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று வரிதான். நினைவு விட்ட இடத்தைக் கற்பனையால் நிரப்புவது பொய்யாகுமா? அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அச்சுக்குப் போன பிறகு வேறு யாராவது கேட்பதைவிட, இப்போது வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வி வந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் நேரான பதில். கற்பனை செய்யலாம். களவாகச் செய்யக்கூடாது. அட்டையில் 'நினைவுக் குறிப்புகள்' என்று போட்ட நூலை வாங்குகிறவர், உள்ளே இருப்பது நடந்தது என்று நம்பித்தான் வாங்குகிறார். 'இந்த இடம் எனக்குத் தெரியாது, இப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்' என்று நீங்கள் சொன்னால், அவர் உங்களோடு சேர்ந்து நினைத்துப் பார்ப்பார். சொல்லாமல் நுழைத்துவிட்டு, அவர் பிறகு கண்டுபிடித்தால், நீங்கள் கண்ணால் கண்ட லாம்பையும் சந்தேகிப்பார்.

இனி உங்கள் அத்தியாயத்துக்கு வருகிறேன். அதைப் பேனாவும் கையுமாகப் படித்தேன்.

இரண்டாம் பக்கத்தில், காற்று உங்கள் வளவின் வேலியைப் பிடுங்கிப் படலையோடு கொண்டுபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தில் அப்பா படலையைத் திறந்துகொண்டு வருகிறார். எந்தப் படலையை? அப்பா வாழ்நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான தடவை அந்தப் படலையைத் திறந்துகொண்டு வந்திருப்பார். வழமையாக நடந்தது, ஒரு நாள் மட்டும் நடந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நினைவு அப்படித்தான் வேலை செய்யும். நீங்கள் கற்பனை என்று நினைத்து எழுதிய இடத்தில் மட்டும் அல்ல, 'நினைவிருக்கிறது' என்று கடிதத்தில் அடித்துச் சொன்ன இடத்திலும் அது கைவைத்திருக்கிறது.

அதே பக்கத்தில், அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தைக் கடக்கிறார். ரீச்சர், மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. 1978இல் அங்கே துறைதான் இருந்தது. அந்த இடத்தில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வர வேண்டுமானால் வாவியைத் தண்ணீரில்தான் கடக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாதது அல்ல. அந்தத் துறையில் நீங்களே காத்து நின்றிருப்பீர்கள். ஆனால் பாலம் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டதால், அப்பாவைக் கற்பனை செய்தபோது கண்ணுக்கு முன்னால் இருக்கிற பாலத்தில் ஏற்றிவிட்டீர்கள். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் போன்ற ஒன்று வருகிறது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். அவர்களுக்குப் பழக்கமில்லாத ஓடங்கள் சாதாரணப் படகுகளாயின, கடல்நாய் வேட்டை மீன்பிடியாயிற்று. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்களுக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டு இடைவெளியை அடைத்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது நிலா. 'பால் போன்ற நிலவொளியில் அப்பாவின் நிழல் முற்றத்தில் விழுந்தது' என்கிறீர்கள். சூறாவளி அடித்தது நவம்பர் 23, வியாழக்கிழமை. அந்த மாதப் பூரணை பதினைந்தாம் தேதியை ஒட்டியே முடிந்துவிட்டது. அப்பா வந்த சனிக்கிழமை நல்ல தேய்பிறை. நள்ளிரவு தாண்டிய பிறகுதான் நிலா எழும், அதுவும் கீற்றாக. பொழுதுபட்டதும் வந்தார் என்று நீங்களே எழுதியிருப்பதால், அவர் வந்தது கும்மிருட்டில். இருட்டில் வருகிற மனிதர், கையில் எரியாத லாம்பு. நீங்கள் இரவல் வாங்கிய நிலவைவிட இந்த இருட்டு எவ்வளவு வலுவானது என்று பாருங்கள். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஆகவே, கற்பனைக்கு முன்னால் தேடல். நினைவில்லை என்பதாலேயே ஒரு விடயம் தெரியவர முடியாததாகிவிடாது. நிலா, நாள், கிழமை, பாலம், வீதி, நெல் எந்தப் பருவத்தில் நின்றது, கடையில் எது கிடைத்தது, வானொலியா தொலைக்காட்சியா (தொலைக்காட்சி இலங்கைக்கு வந்ததே 1979இல்) என்பவற்றையெல்லாம் விசாரித்து அறியலாம். 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நிறைய எண்ணிமப்படுத்தப்பட்டிருக்கின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, உங்கள் பெரியம்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போங்கள். போகும்போது உங்கள் நான்கு பக்கத்தைக் கொண்டுபோக வேண்டாம். வாசித்துக் காட்டினால் "ஓம், அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார். பிறகு அது அவருடைய நினைவா, உங்களுடைய எழுத்தா என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. "அப்பா வந்த அன்றைக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். தம்பியையும் தனியாகக் கேளுங்கள். இருவரையும் ஒரே வாங்கில் உட்கார வைத்தால், யார் குரல் உரத்ததோ அவர் நினைவுதான் குடும்பத்தின் நினைவாகிவிடும்.

இந்தத் தேடலில் எதிர்பாராத இலாபமும் உண்டு. உங்கள் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'நடுவில் காற்று நின்றது, அம்மா முடிந்துவிட்டது என்று சொன்னார், பிறகு மறுபக்கத்திலிருந்து அடித்தது, அல்லது இது நான் பின்னால் சேர்த்துக்கொண்டதோ தெரியாது.' அதைப் பென்சிலால் வெட்டியும் வைத்திருக்கிறீர்கள். வெட்டாதீர்கள். சூறாவளியின் கண் ஓர் ஊருக்கு மேலாகக் கடக்கும்போது நடப்பது இதுதான். காற்று ஒரு திசையிலிருந்து அடிக்கும், திடீரென்று ஓயும், பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். அன்றைய சூறாவளி மட்டக்களப்பை ஒட்டித்தான் கரை கடந்தது. முதற்காற்றில் நின்ற தென்னைகள் மறுகாற்றில் விழுந்ததாக அந்தத் தலைமுறையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீங்கள் சந்தேகப்பட்ட வரி தேறிவிட்டது. நம்பிய படலைதான் தேறவில்லை.

இப்போது அப்பாவின் வசனம். அவர் வந்து நின்று, "மகளே, இயற்கையை வென்றவர் எவருமில்லை. வீழ்ந்த தென்னைகளை எண்ணாதே, நிற்கும் உயிர்களை எண்ணு" என்கிறார். இதோடு நிற்கவில்லை, இன்னும் இரண்டு பந்தி பேசுகிறார். ரீச்சர், கோபிக்க வேண்டாம். மூன்று நாள் சோறில்லாமல், சேற்றிலும் தண்ணீரிலும் வந்து சேர்ந்த வயற்காரர் எட்டு வயதுப் பிள்ளையிடம் இப்படிப் பேசமாட்டார். வானொலி நாடகத்தில் பேசுவார்கள். இது பரிசளிப்பு விழாவில் நீங்கள் பேசுகிற தமிழ். இறந்தவர் வாயில் நம் வசனத்தை வைக்கும்போது அது எப்போதும் இப்படி அழகாகத்தான் வந்து விழும். அவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்பதால் நமக்குக் கை நீளுகிறது. உங்கள் மகளைத் தடுத்து நிறுத்தியதும் இந்த அழகுதான் என்று நினைக்கிறேன். அவள் மூத்தப்பாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்.

மேற்கோள் குறிக்குள் ஒரு வசனத்தைப் போட்டால் 'இது சொல்லப்பட்டது' என்று பொருள். சொல் மாறியிருக்கலாம், அதை வாசகர் மன்னிப்பார். நாற்பது வருடத்துக்கு முந்திய உரையாடலை எவரும் எழுத்துக்கு எழுத்து நினைவில் வைத்திருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பேச்சே நடக்காத இடத்தில் பேச்சை உண்டாக்கினால் அது வேறு. அதிலும் அவர் ஒன்றும் பேசவில்லை என்று தம்பி சொல்கிறார். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது வெற்றிடம் அல்ல. அப்பா பேசாமல் நின்றார் என்பதே ஒரு செய்தி. அதை இரண்டு பந்தி வசனத்தால் மூடிவிட்டீர்கள்.

மூன்று வரிதான் மிஞ்சும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் அத்தியாயத்திலும் கடிதத்திலும் இருப்பதை மட்டும் வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

'அப்பா மூன்றாம் நாள் இருட்டிய பிறகு வந்தார். படலையைத் திறந்துகொண்டு வந்தார் என்றுதான் இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். ஆனால் அன்று எங்களுக்குப் படலை இருக்கவில்லை. கையில் லாம்பு இருந்தது. சிமினி உடைந்திருந்தது. லாம்பைப் பற்றித் தம்பிக்கும் எனக்கும் சண்டையில்லை. அவர் என்ன பேசினார் என்பது எனக்கு நினைவில்லை. பேசவேயில்லை என்கிறான் தம்பி. மண்முனைத் துறையில் தோணி கிடைக்காமல் நெடுநேரம் நின்றாராம், பெரியம்மா சொல்லக் கேள்வி. அக்கரையில் நின்று பார்த்தால் எங்கள் வீடு தெரியாது. தென்னைகள் சரிந்துகிடந்த கரைதான் தெரிந்திருக்கும். எங்களில் எத்தனை பேர் மிச்சம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்திருப்பாரோ என்னவோ. எரிய முடியாத லாம்பை ஏன் அவ்வளவு தூரம் தூக்கி வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.'

இதில் கற்பனை இல்லாமலில்லை. கரை தெரிந்திருக்கும், எண்ணிப் பார்த்திருப்பார், சிரித்திருப்பார் ஆகிய மூன்றும் கற்பனை. ஆனால் எது கண்டது, எது கேட்டது, எது ஊகித்தது என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வினைமுற்றும் சொல்லிவிடுகிறது. கண்டதை 'வந்தார்' என்று எழுதுங்கள். கேட்டதை 'நின்றாராம்' என்று எழுதுங்கள். ஊகித்ததை 'தெரிந்திருக்கும்' என்று எழுதுங்கள். நம் வீட்டுக் கிழவிகள் கதை சொல்லும்போது இதைப் பிசகாமல் செய்வார்கள். நாம்தான் எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் 'தார்', 'தார்' என்று முடித்து, கேள்விப்பட்டதையும் கண்ணால் கண்டதாக்கிவிடுகிறோம். பழைய கூரையில் புதுக் கிடுகு வைத்துக் கட்டினால் நிறம் வேறாகத்தான் தெரியும். தெரியட்டும், ஒழுகாமல் இருந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் 'இருக்கலாம், போலும்' என்று இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். அதைப் படிக்க அலுப்பாக இருக்கும். பந்திக்கு ஒரு தடவை திசை காட்டினால் வாசகர் மீதியைப் பிடித்துக்கொள்வார்.

முன்னுரையில் 'சில இடங்களில் கற்பனை கலந்திருக்கிறது' என்று ஒரு வரி போட்டால் போதாதா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. போடுங்கள், தவறில்லை. ஆனால் நம் ஊர்ப் பக்கத்தில் முன்னுரையைப் படிப்பவர் வெளியீட்டு விழாவில் பேச வருகிறவர் ஒருவர்தான், அவரும் மேடைக்கு வரும் வழியில். அதோடு 'சில இடங்கள்' எவை என்று சொல்லாத எச்சரிக்கை எல்லா இடத்தையும் சந்தேகத்துக்குள்ளாக்கும். பெயர்களை மாற்றியிருந்தால், இரண்டு அயலவர்களை ஒருவராக்கியிருந்தால், அதை முன்னுரையில் தெளிவாகச் சொல்லுங்கள். ஊகத்தை அந்தந்த இடத்திலேயே சொல்லுங்கள். இந்தக் கட்டுப்பாடெல்லாம் வேண்டாம், அப்பாவைப் பேசவிடத்தான் ஆசை என்றால் நாவல் என்று போட்டு எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்போது அந்த இரண்டு பந்தி வசனம் இன்னும் நன்றாக இருக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. மேலும் ஒரு வரி கற்பனையாக எழுதுவதற்கு முன்னால், ஒரு கொப்பியில் உங்களுக்கு உண்மையில் நினைவிருப்பதை மட்டும், அழகு பார்க்காமல், துண்டு துண்டாக எழுதித் தேதி போட்டு வையுங்கள். காரணம் இருக்கிறது. 1996இல் அமெரிக்காவில் கேரி, லொஃப்டஸ் முதலிய உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிறுவயதில் நடந்திராத சம்பவங்களை, உதாரணமாக ஜன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்ததை, சிலரைக் கற்பனை செய்து பார்க்கச் சொன்னார்கள். கற்பனை செய்து பார்த்த பிறகு, அது தமக்கு நடந்திருக்கக்கூடும் என்ற நம்பிக்கை அவர்களில் சிலருக்குக் கூடியிருந்தது. ஒரு தடவை நினைத்துப் பார்த்ததற்கே இப்படி என்றால், ஒரு காட்சியைப் பத்துத் தடவை திருத்தி எழுதுகிற உங்களுக்கும் எனக்கும் என்ன ஆகும்? அடுத்த வருடம் அந்த நிலவொளி உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கொப்பி அப்போது கைகொடுக்கும்.

இதுவரை சொன்னது அப்பா, லாம்பு, இருட்டு பற்றியது. அதில் நீங்கள் பிசகினால் நட்டம் உங்கள் நூலுக்குத்தான். பிறர் மீது குற்றம் விழுகிற இடத்தில் நான் இவ்வளவு இளக்கமாக இருக்கமாட்டேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நினைவுக் குறிப்பு வெறும் இலக்கியமாகப் படிக்கப்படுவதில்லை, சாட்சியமாகவும் படிக்கப்படுகிறது. 1990இன் படுகொலைகளைப் பற்றியோ, காணாமற்போனவர்களைப் பற்றியோ எழுதி எனக்கு அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: யார் வந்தார்கள், எத்தனை பேர், என்ன உடை, எந்த வாகனம், எத்தனை மணி என்ற இடங்களில் கற்பனையின் நிழல்கூட விழக்கூடாது. 'இருந்திருக்கும்' என்றுகூட வேண்டாம். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். ஒரு வாகனத்தின் நிறத்தை அழகுக்காகச் சேர்த்தது தெரியவந்தால், மற்ற உண்மைகளையெல்லாம் தட்டிவிட அதுவே பிடியாகிவிடும்.

உங்கள் அத்தியாயத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. கடிதத்தில் நீங்கள் அதைக் குறிப்பிடவேயில்லை. ஏழாம் பக்கத்தில், உங்கள் குசினிக் கூரைத் தகரங்களை அயல்வீட்டுக்காரர் விடியுமுன் எடுத்துப்போய்த் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டார் என்று வருகிறது. அவர் பதுங்கி வந்ததையும், தகரம் உரசிய சத்தத்தையும், அவர் கண்ணில் இருந்த களவையும் விவரித்திருக்கிறீர்கள். கண்ணில் இருந்ததை அந்த இருட்டில் யார் பார்த்தது? நீங்கள் அப்போது கோயில் மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாக நான்காம் பக்கம் சொல்கிறது. இது அம்மா பிறகு கோபத்தில் சொன்ன கதையாக இருக்கவேண்டும். அப்படியானால் 'அம்மா கடைசிவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்' என்று எழுதலாம். அது உண்மை, அம்மாவைப் பற்றிய உண்மை. பெயரை எடுத்துவிடுங்கள், பதுங்கலையும் சத்தத்தையும் வெட்டுங்கள்.

அவருடைய பிள்ளைகள் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வரும் வழியில் அங்கேயும் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அந்தத் தகரங்களைப் பற்றி அந்த வீட்டில் வேறொரு கதை இருக்கக்கூடும். இருந்தால் அதையும் சேர்த்து எழுதி, அத்தியாயத்தைத் திரும்ப அனுப்புங்கள்.